ஓல்போர்க்கிலிருந்து வந்த ஒன்பதாவது ஆள்

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கடந்த பனிக்காலத்தில்தான், இந்த வயதில், எழுதப் பழகினேன். ஒரு வரி முடிவதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. ஹோர்சன்ஸ் அகதி முகாமில் ஒன்றாக இருந்த நீங்கள் எல்லோரும் இப்போது ஆளுக்கொரு ஊரில் இருக்கிறீர்கள். இதைப் படியெடுத்து உங்களுக்கு அனுப்புவதாகக் குகன் சொல்லியிருக்கிறான்.

செய்தியும் அவன்தான் சொன்னான். தொலைபேசியை எடுத்ததும், "அப்பு, நிக்கிறியளோ? முதல்லை இருங்கோ" என்றான். கதிரையில் இருந்தேன். "எங்கடை தவம் அண்ணை செத்துப்போனார்." ஓல்போர்க்கில் வேலைக்குப் புறப்படும்போது நெஞ்சு நொந்ததாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நாற்பது வயதுகூட ஆகவில்லை. மனைவி இன்னும் சாவகச்சேரியில் விசாவுக்குக் காத்திருக்கிறார்.

தாளை எடுத்து முதலில் அவருடைய முழுப்பெயரை, 'தவராசா' என்று எழுதிப் பார்த்தேன். எழுத்துகள் ஒழுங்காக வந்து நின்றன. அழுதுகொண்டிருந்த நேரத்திலும் அதில் ஒரு மகிழ்ச்சி வந்தது. அதை மறைக்க மனமில்லை.

முகாமில் நமக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. சாப்பிடுவோம், படுப்போம், தபால்காரனைப் பார்த்திருப்போம். அந்தக் கோடையில் ஊர் விளையாட்டுக் கழகம் பேஸ்போல் போட்டிக்கு இன்னும் ஓர் அணி வேண்டுமென்று கேட்டது. மட்டையும் கையுறையும் அவர்களே தந்தார்கள். தவராசா உங்களைக் கட்டிலிலிருந்து இழுத்து எழுப்பினார். "கிரிக்கெட் தெரியும், இதென்ன பெரிய வித்தையோ?" என்றார்.

முதல் ஆட்டத்திலேயே வித்தை தெரிந்துவிட்டது. நீங்கள் பந்தை அழகாக அடித்தீர்கள். அடித்துவிட்டு, கிரிக்கெட்டில் நிற்பதுபோல் நின்று, அது போகும் அழகைப் பார்த்தீர்கள். இங்கே அடித்தால் ஓடியே ஆகவேண்டும் என்பது ஒருவருக்கும் காலில் ஏறவில்லை. குகன் ஓடினான், ஆனால் கீழே போடவேண்டிய மட்டையைக் கையில் பிடித்தபடி. ஓடித் தொடவேண்டிய முதலாம் தளத்துக்குக் கிட்டப் போனதும், கிரிக்கெட் கோட்டைத் தொடுவதுபோல் குனிந்து மட்டையை நீட்டி ஊன்றினான். டேனிஷ் நடுவர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். தவராசா அன்று சொன்னதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்: "அடிச்சால் ஓடு. பந்து எங்கை போகுது எண்டு பாக்கிறது மற்றவன்ரை வேலை."

போட்டித் தொடரின் முதல் பாதி முழுவதும் அவர்தான் நமது அணி. எறிந்ததும் அவர், பிடித்ததும் அவர், சரியான நேரத்தில் ஓடியதும் அவர் ஒருவர்தான். அப்படியிருந்தும் தோற்றோம். ஆனால் திங்கள் முதல் சனி வரை கதைப்பதற்கு நமக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது.

யூலை விடுமுறைக்குப் போட்டிகள் நின்றன. அந்த நாட்களில் தவராசாவுக்கும் வேறு சிலருக்கும் வதிவிட அனுமதி வந்தது. நல்ல செய்திதான். ஆளாளுக்கு வேறு வேறு ஊர் கொடுத்தார்கள். அவருக்கு ஓல்போர்க், ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை. எண்ணிப் பார்த்தால் விளையாட மிஞ்சியது எட்டுப் பேர். ஒன்பது பேர் இல்லாமல் களத்தில் இறங்க முடியாது. இரண்டு தரம் அப்படி நடந்தால் அணியைப் போட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள். அவரை ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பினோம். மறுநாள் காலை பழையபடி எல்லோரும் கட்டிலில் கிடந்தீர்கள்.

பின்பாதியின் முதல் ஞாயிறன்று அவர் ரயிலில் வந்து இறங்கினார். அடுத்த ஞாயிறும் வந்தார். ஒருநாள் ரயில் பிந்தியது. நடுவர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியதும், குகன் ஒரு கையுறையை என் கையில் மாட்டிக் களத்தின் கடைசி மூலையில் என்னை நிறுத்தினான். கோட்டும் மப்ளருமாக நின்றேன்.

"அப்பு, பந்து வந்தால் என்ன செய்வியள்?"

"பிடிப்பன்."

"வேண்டாம். விலத்தி நில்லுங்கோ. உங்களை அடக்கம் பண்ண எங்களுக்கு இங்கை இடம் தெரியாது."

பந்து வரவில்லை. தவராசா வந்தார். நிலையத்திலிருந்து ஓடிவந்த மூச்சு அடங்குவதற்குள் என் கையிலிருந்த கையுறையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

ஆனால் அவருடைய ஆட்டம் போய்விட்டிருந்தது. வாரம் முழுவதும் குளிர் அறையில் நின்ற கால்கள். கையில் வந்த பந்து நழுவும், வீசிய மட்டை காற்றை வெட்டும். நீங்களோ நாளுக்கு நாள் தேறினீர்கள். மட்டையோடு ஓடிய குகனை இப்போது ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. இரண்டு ஆட்டங்களில் வென்றும்விட்டோம். முதல் பாதியில் அவரால் நின்ற அணியில், பின்பாதியில் அவர்தான் கடைசி. "அண்ணை, மீனையும் இப்பிடித்தான் வழுக்க விடுறனீங்களோ?" என்று கேட்டுச் சிரித்தீர்கள்.

"மீன் செத்தாப்பிறகுதான் தம்பி என்னட்டை வருது. பந்து உயிரோடையெல்லோ வருது" என்றார்.

கடைசி ஆட்டத்துக்குச் சில நாட்கள் முன்பு முகாமுக்குப் புதிதாக இருவர் வந்தார்கள். நல்ல ஆட்டக்காரர்கள். இப்போது பத்துப் பேர். தவராசாவை உட்காரச் சொல்லவேண்டும். "நீங்கள் பெரியாள், நீங்கள் சொல்லுங்கோ" என்று குகன் என்னை அனுப்பினான்.

அவர் புல்லில் இருந்தார். நான் தொண்டையைச் செருமினேன். "தம்பி, இண்டைக்கு..."

"அப்பு, என்ரை காலைப் பாருங்கோ" என்றார்.

தொழிற்சாலைச் சப்பாத்தோடு இருந்தார். விளையாட்டுச் சப்பாத்தைக் கொண்டுவரவே இல்லை.

"முகாமுக்கு ரெலிபோன் எடுத்தனான். ஆள் சேர்ந்திட்டுது எண்டு தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் இவ்வளவு தூரம் வந்தனீர்?"

"திடீரெண்டு ரெண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தால்?"

ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. ஆட்டம் முடியும்வரை கரையில் நின்று, ஒவ்வொருவர் அடிக்கும்போதும் "ஓடு, ஓடு" என்று கத்தினார். திரும்பும் ரயிலில் கட்டிய குரலோடுதான் ஏறினார்.

அவர் பந்தைப் பிடித்த அழகை நீங்கள் நினைத்திருங்கள். தேவைப்படலாம் என்பதற்காகவும், தேவையில்லை என்று தெரிந்த பிறகும், வந்து நின்றாரே, அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

அன்று ரயில் புறப்படுமுன் என்னிடம் ஒன்று சொன்னார். "மனிசிக்கு ஞாயிற்றுக்கிழமையிலை நல்லா நித்திரை கொள்ளுறன் எண்டுதான் எழுதிறனான், அப்பு. உண்மையைச் சொன்னால் உடம்பை முறிக்கிறன் எண்டு அழுவாள்." ஆகவே சாவகச்சேரியில் இருக்கும் அந்தப் பிள்ளைக்குத் தன் கணவரின் வேலை தெரியும், களைப்புத் தெரியும், அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் தெரியாது. அடுத்த வாரம் அவற்றை அந்தப் பிள்ளைக்கு எழுதுவேன்.