கைப்பையில் இருந்த நோட்டு

என் மனைவி நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். நான் அமைச்சருக்குக் கார் ஓட்டுகிறவன். ஆக, அரசின் இரண்டு தூண்கள் ஒரே கட்டிலில் குறட்டை விட்டன. ஆனால் நீதிபதி சொன்ன ஒரு வார்த்தையைக்கூட அவள் வாசல் தாண்டிக் கொண்டுவந்ததில்லை. "தீர்ப்பு அவர் வாயால வர்ற வரைக்கும் என் வாயில வராது" என்பாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவை வாய் தவறியதில்லை. என் சமையலுக்கு மட்டும் உடனுக்குடன் தீர்ப்பு.

சட்டமன்றத்தைக் கேட்காமலே தேர்தலைத் தள்ளிவைத்து அரசு ஓர் ஆணை போட்டது. அது செல்லுமா என்ற வழக்கு அவளுடைய நீதிபதியிடம் வந்தது. தீர்ப்புக்கு ஐந்து நாள் இருக்கும்போது அமைச்சரின் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். தீர்ப்பு எந்தப் பக்கம் என்று வீட்டில் கேட்டுவரச் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை.

"நல்லா ஓட்டுறீங்க. தொடர்ந்து ஓட்டணும் இல்லையா?"

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கேட்கலாம் என்று வாயெடுப்பேன். அவள் முகத்தைப் பார்த்ததும், உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டுவைப்பேன். நான்காம் நாள் காலை அவள் குளிக்கப் போன நேரம், தீர்ப்பு அதில்தான் இருக்கும் என்று நினைத்து, அவள் கைப்பையில் இருந்த சுருக்கெழுத்து நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்தேன். எனக்கு அது கோழிக் கிறுக்கல்தான்.

செயலாளர் தன்னுடைய சுருக்கெழுத்தரை வரவழைத்து வாசிக்கச் சொன்னார். அந்த மனிதர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார்.

"மூணு நாளா இவர் சரியா சாப்பிடலை. சாவியை ஆணியில மாட்டும்போது கை நடுங்குது. என்கிட்ட எதையோ கேக்கச் சொல்லியிருக்காங்க. கேட்டா நான் நீதிபதிகிட்ட சொல்லியாகணும். இவர் கேட்டுடக் கூடாது, கடவுளே."

நீதிமன்ற நோட்டு அங்கேயே பீரோவில் பூட்டியிருந்திருக்கிறது. நான் எடுத்தது அவளுடைய டைரி. வாசித்தவர் என்னை ஏறிட்டுப் பார்க்காமல் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

செயலாளர் வாய் திறப்பதற்குள் கார் சாவியை அவர் மேசைமேல் வைத்தேன். கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் இப்போது என் பயம் அவரைப் பார்த்து இல்லை. நான் அவளிடம் கேட்கவில்லை. அதைவிட மோசமாகத் திருடியிருக்கிறேன். சாயங்காலம் அவள் வந்ததும் இதைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் மறுநாள் காலையே அவள் நீதிபதியிடம் சொல்லிவிடுவாள். அவளை எனக்குத் தெரியும்.