செத்த மரத்துக் கழுகு

கழுகின் எச்சம் கண்ணாடியில் காய்ந்துவிட்டால் லேசில் போகாது. வெந்நீரில் நனைத்த சாக்கை ஒட்டிவைத்து, ஊறும்வரை காத்திருந்து, மரச்சில்லால் சுரண்ட வேண்டும். எய்னோ லாஹ்தி தன் படகின் முன்கண்ணாடியை ஞாயிறுதோறும் அப்படித்தான் துடைப்பார். கடைசி ஞாயிறன்று மறுபாதியை மகள் அய்லா சுரண்டினாள். பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர் அவள். துருவையும் விரிசலையும் தேடிப் பழகிய கண். விட்டுப்போன ஒரு கறையைக் காட்டினாள்.

"அது உள்பக்கம்மா. என் காப்பி" என்றார் எய்னோ.

பிறகு, ஆற்றோர மரம் ஒன்றின் உச்சியில் கட்டியிருந்த பழைய கேனை இறக்குவதற்காக, இருவருமாக ஏணியைப் படகின் கூரைமேல் ஏற்றிக் கட்டினார்கள். கிளம்பும் நேரத்தில் கடலிலிருந்து மூடுபனி ஏறிவந்து ஆற்றை மறைத்துவிட்டது. அடுத்த ஞாயிறு போய்க்கொள்ளலாம், கேன் எங்கே பறந்தா போய்விடும் என்றார்.

ஸ்க்ரிவன் ஆறு கடலைத் தொடும் இடத்தில், குளிர்காலத்தில் சால்மன் மீன்கள் முட்டையிட்டுச் சாகும்போது வெண்தலைக் கழுகுகள் வந்து குவியும். அவற்றின் எண்ணிக்கையை வனத்துறை மேலிடத்துக்கு அனுப்புவது எய்னோவின் பொறுப்பு. சம்பளம் கிடையாது. கரையோர வீடுகள் எல்லாவற்றிலும் படகு ரேடியோ உண்டு. கழுகைப் பார்த்தவர்கள் காலையில் அவரைக் கூப்பிட்டுச் சொல்வார்கள். சொன்னவர்களைக் களவுபோன வீட்டுக்காரரைப் போலீஸ் விசாரிப்பதுபோல் விசாரிப்பார். எந்த மரம்? எந்தப் பக்கம் பார்த்தது? கடைசியாக, "தலையைத் திருப்பிச்சா?" திருப்பவில்லை என்றால் கணக்கில்லை.

குப்பைமேட்டுக் கழுகுகளையும் சேர்க்கமாட்டார். உழைக்காமல் தின்பவை என்று அவற்றின்மேல் கோபம். பழுப்புத்தலை இன்னும் வெளுக்காத இளசுகளை அரைக் கழுகு என்று வைத்துக்கொண்டார். ஒரு வருடம் ஆற்றின் மொத்தக் கணக்கின் கடைசியில் ஓர் அரை வந்து நின்றது. மேலிடத்திலிருந்து போன் செய்து கேட்டார்கள். "அது வளந்துரும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

தலையைத் திருப்பும் கேள்வி வந்ததற்குக் காரணம் அவரேதான். ஆற்று வளைவில் பட்டுப்போன பெரிய மரம் ஒன்று நிற்கிறது. முகத்துவாரத்து மணல்திட்டில் படகு தட்டாமல் வர அடையாளம் வேண்டுமென்று, இளமையில் அதன் உச்சிக் கிளையில் ஒரு வெள்ளை பிளீச் கேனைக் கவிழ்த்துக் கட்டினார். தூரத்திலிருந்து பார்த்தால் கறுத்த உடம்பும் வெள்ளைத் தலையுமாக அசல் கழுகு. ஏமாறாதவர்கள் குறைவு. ஊருக்குப் புதிதாக வந்த ஓர் அதிகாரியும் ஏமாந்து, கழுகு தங்குமிடம், நெருங்கக் கூடாது என்று மரத்தடியில் பலகை நட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து எய்னோ தன் கேனை நெருங்கவில்லை. அதிகாரியிடம் உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே என்று அய்லா கேட்டாள்.

"போர்டு போர்டுதான்" என்றார்.

அந்த மரத்துக்கு நேர் எதிர்க்கரையில் வெர்னா ஸ்டூக்கெல் குடியிருக்கிறாள். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள், தனி ஆள், இரண்டு கண்ணிலும் புரை. புருஷன் போனபிறகு அவளுடைய ஒவ்வொரு நாளும் ரேடியோவில்தான் விடிந்தது. "எய்னோ, நம்ம ஆளு வந்துட்டான். இன்னிக்கு மூஞ்சியே சரியில்ல அவனுக்கு." ஊரையே குடைந்தெடுக்கும் மனிதர் அவளிடம் மட்டும் தலையைப் பற்றிக் கேட்டதில்லை. "குறிச்சுக்கிட்டேன், வெர்னா" என்பார். குறித்ததும் இல்லை.

வெர்னாவுக்கு நகரத்தில் கண் ஆபரேஷன் என்று தெரிந்ததும் எய்னோவுக்குச் சோறு இறங்கவில்லை.

"கட்டுப் பிரிச்சதும் பாத்துடுவாளே அய்லா. இத்தனை வருஷமும் கேனைப் பத்தியா பேசினோம்னு ஆயிடாதா? அதுக்குள்ள எடுத்துடணும். கெளம்பிப் போயிருச்சுன்னு சொல்லிக்கலாம். கழுகுன்னா போறதுதானே."

பலகையை என்ன செய்வது என்று கேட்டாள். அதையும் யோசித்து வைத்திருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போனால் பலகை கண்ணில் படாது. அப்படியே மரத்திலும் ஏறுவதாகத் திட்டம். அய்லா ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மூடுபனி ஞாயிறுக்கு அடுத்த புதன்கிழமை படகுத்துறையில் தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் பாதியில் உட்கார்ந்தார். இதயம். மீதிக் குழாயை அய்லா சுருட்டினாள்.

அடக்கம் முடிந்து, சர்ச் கூடத்தில் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுத்தார்கள். கல்லறைக்கு மேலே ஒரு கழுகு வட்டமடித்ததைப் பார்த்ததாக இறால்காரர் வெய்ன் ப்ரூயிட் தழுதழுத்தார்.

"தலை வெளுப்பா?" என்றது ஒரு குரல்.

"இல்ல. பழுப்பு."

"அப்ப அரைதான்."

கூடமே சிரித்தது. அய்லாவும் சிரித்தாள். அழுகை அதற்கப்புறம்தான் வந்தது. வெர்னா வரவில்லை. கண்ணில் கட்டோடு நகரத்தில் இருந்தாள்.

ஞாயிறு வானம் தெளிவாக இருந்தது. படகின் கூரைமேல் ஏணி, அப்பா போட்ட முடிச்சோடு, அப்படியே கிடந்தது. மரத்தில் ஏறும்போது ஏணியைப் பிடிக்க ஆள் இல்லை என்பது அய்லாவுக்குத் தெரியும். இருந்தும் படகை அவிழ்த்து எஞ்சினைக் கிளப்பினாள். அந்நேரம் ரேடியோ கரகரத்தது.

"எய்னோ வீட்டு ஆளு யாராச்சும் இருக்கீங்களா?"

"அய்லா பேசறேன், அத்தை."

"நேத்துதான் வந்தேன். கட்டுப் பிரிச்சுட்டாங்க. உங்கப்பன் படகு தெரியுது. மேல ஏணி தெரியுது. செத்த மரம் தெரியுது. அந்தக் கேன்ல கைப்பிடிகூடத் தெரியுதுடி."

கிளம்பிப் போயிருச்சு என்ற அப்பாவின் பதில் இனி உதவாது. படகு கயிறில்லாமல் மெல்ல விலகத் தொடங்கியது.

வெர்னா தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு பேசியது வழக்கமான அந்தக் காலைக் குரல்.

"செத்த மரத்துல கழுகு. குறிச்சுக்கோ."

அப்பா அவளிடம் கேட்காமலே விட்ட கேள்வியை அய்லா கேட்டாள். "தலையைத் திருப்பிச்சா, அத்தை?"

"திருப்பிச்சு. உங்க வீட்டுப் பக்கமா."

"குறிச்சுக்கிட்டேன்" என்றாள் அய்லா. எஞ்சினை அணைத்தாள். கையை நீட்டித் துறைக் கம்பத்தைப் பிடித்துப் படகை இழுத்து, ஏணியை இறக்காமலேயே, மறுபடி கட்டினாள்.