முதல் ‘போதும்’

அப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான் என்பதால் எழுதும் கடமை எனக்கு வந்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பிறந்தது திருக்கோவிலூருக்கு மேற்கே, மழை வந்தால்தான் கேழ்வரகு விளையும் ஒரு சிற்றூர். பத்தொன்பது வயதில் ஊர்க்காரர் ஒருவர் பின்னால் டில்லிக்கு வந்தார். அரசு அலுவலகத்தில் பியூன் வேலை. கோல் மார்க்கெட் பக்கம் ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸ். எழுதத் தெரிந்தது கையெழுத்து மட்டும். இந்தி ஆபீசோடு சரி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இந்தியையும் கழற்றிவிடுவார்.

ஆனால் உங்களில் பலருக்கு அப்பாவைத் தெரிந்தது பந்தியில்தான். கல்யாணமோ காதுகுத்தோ, யார் வீடானாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு நிற்பார். ‘போதும், போதும்’ என்றால் அவர் காதில் விழாது. ஒருமுறை அவருடைய சூப்பிரண்டெண்டே, “உன் காது என்ன செவிடாய்யா?” என்று கேட்டாராம். “வாய் சொல்றது மரியாதைக்கு சார். கை வந்து எலய மறைக்கட்டும், நிறுத்திடறேன்” என்று சொல்லி, இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுத்தான் நகர்ந்தார். அதுதான் அவர் சட்டம். எங்கள் வீட்டிலும் அதுவே சட்டம்.

அவருக்கு நோய் வந்தது சாப்பாட்டின் வழியாகத்தான் எங்களுக்குத் தெரிந்தது. முதலில் வயிறு மந்தம் என்றார். பிறகு தாளிக்கிற வாசனை ஆகவில்லை. பாதி இட்லியோடு எழுந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தபோது வயிற்றில் புற்று, ஈரலுக்கும் போயிருந்தது. கொஞ்ச நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அனுப்பும்போது ஓர் இளம் டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். சாப்பிடாததால் மட்டும் உங்கள் அப்பா தேயவில்லை, நோய் முற்றியதால்தான் பசியே போய்விட்டது, ஊட்டினாலும் இனி உடம்பில் ஒட்டாது, கேட்டதைக் கொடுங்கள், வற்புறுத்தாதீர்கள் என்றார். இந்தியில் சொன்னதை ஆங்கிலத்திலும் கேட்டுக்கொண்டேன். இரண்டிலும் புரிந்தது. வீட்டில் சொல்லவில்லை. படித்த பிள்ளை இருக்கிறான், தேற்றிவிடுவான் என்று அம்மா நம்பியிருந்தார். எனக்கும் அந்த நம்பிக்கை தேவைப்பட்டது.

ஐ.என்.ஏ. மார்க்கெட் போய் நொய்யரிசி வாங்கி வந்தேன். கஞ்சி, கஞ்சித் தண்ணீர், பால். இரண்டாவது ஸ்பூனிலேயே அப்பா ‘போதும்’ என்பார். அந்த வார்த்தையை நம்பிப் பழகாத வீடு எங்களுடையது. நான் அவர் கையைப் பார்ப்பேன். கை எழவில்லை, அதனால் ஊட்டினேன். அதற்கு எழும் தெம்பே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. தாடையைப் பிடித்துக்கூட ஊட்டியிருக்கிறேன். மூக்கு வழியாகத் திரும்பி வரும். விரிப்பு நனைந்துவிட்டதே என்று அப்பா அம்மாவிடம் வருத்தப்படுவார்.

ஒரு நாள் காலை, ஸ்பூனைக் கொண்டு போனபோது, “பஸ், தம்பி” என்றார். “பஸ்.”

இந்தியில் அதற்குப் போதும் என்று பொருள். ஊரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பால் கொண்டுவந்தால் அப்படித்தான் சொல்வார். அந்த அம்மாள் உடனே டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். வீட்டுக்குள் அப்பா என்னிடம் இந்தி பேசியது அன்றுதான். தமிழில் சொன்னால் இவன் நிறுத்தமாட்டான் என்று தெரிந்துகொண்டுவிட்டார்.

ஸ்பூனைக் கீழே வைத்தேன். டாக்டர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன்.

“எப்பலேர்ந்து தெரியும் ஒனக்கு?”

“இருவது நாளா.”

“தெரிஞ்சும் அத்தன நாளும் ஊட்டினியேடா” என்றார் அம்மா. அழவில்லை.

அதன்பின் பதினோரு நாள் இருந்தார். பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுவோம், அவ்வளவுதான். எங்களைக் கட்டிலருகே உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுவார். “அம்மாவுக்கு ரசம் ஊத்து” என்பார். அதற்கு மட்டும் குரல் இருந்தது.

தந்தி கிடைத்து ஊரிலிருந்து அத்தை வந்து சேர்ந்தது கடைசி இரண்டு நாளுக்கு. எடுக்கும்போது எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்: “ஊருக்கே சோறு போட்ட எங்கண்ணன பட்டினி போட்டு அனுப்பிட்டீங்களேடா.” இன்னும் சிலருக்கு அந்த மனத்தாங்கல் இருப்பது தெரியும். அத்தை, பசித்தவருக்குச் சோறு இல்லாவிட்டால்தான் பட்டினி. அப்பாவுக்குப் பசி இல்லை. ஊட்டாத அந்தப் பதினோரு நாளுக்காக நான் வருந்தவில்லை. ஊட்டிய இருபது நாளுக்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

கிச்சடி கொண்டுவந்து, தொடப்படாத பாத்திரத்தை முகம் கோணாமல் எடுத்துப்போன பக்கத்து வீட்டுப் பஞ்சாபி பாபிஜிக்கும், மாடிப்படியில் அப்பாவைச் சுமந்த ஆபீஸ் நண்பர்களுக்கும், உண்மையைச் சொன்ன டாக்டருக்கும், அண்ணனுக்காக வாய்விட்டுக் கேட்ட அத்தைக்கும் எங்கள் நன்றி.

இன்று பந்தியில் சாம்பார் வாளி என் கையில். முதல் ‘போதும்’ கேட்டதுமே அடுத்த இலைக்குப் போய்விடுவேன். அவர் பிள்ளைக்குக் கை சுருங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். வேண்டியதைக் கேட்டு வாங்கி, வயிறாரச் சாப்பிட்டுப் போங்கள்.