அண்டை வீட்டாரை அறிமுகம் செய்த ஒப்பந்தம்

இருபத்து மூன்று ஆண்டுகளாக எங்கள் வீட்டுச் சுவரின் மறுபக்கத்தில் வாழ்ந்துவந்த பெண்மணியை, சென்ற ஆண்டு ஒரு சொத்து முகவர் எனக்கு முறைப்படி அறிமுகம் செய்துவைத்தார். அதற்குரிய கட்டணத்தை நானும் முறைப்படி செலுத்தினேன். இதில் ஏமாற்று ஏதும் நடக்கவில்லை. எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அந்த ஒப்பந்தத்தை நான் படித்தும் இருக்கிறேன், கையெழுத்திட்ட பிறகு.

மலேசியாவில், கிள்ளான் நகரில் எங்களுடையது இரட்டை மாடி வரிசை வீடு. என் மனைவியின் முழங்கால்கள் மாடிப்படிகளோடு உறவை முறித்துக்கொண்டன. ஆகவே கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில், மின்தூக்கி உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் சிறிய வீட்டுக்கு முன்பணம் கட்டினோம். மீதியைக் கட்ட எங்களுக்கு வாய்த்த அவகாசம் ஐந்து மாதம். அதற்குள் கிள்ளான் வீடு கைமாறியாக வேண்டும்.

கைமாற்றுவதில் ஒரு பழைய கடப்பாடு இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்மணி அரசு மருத்துவமனையில் தாதி, கணவரை இழந்தவர். தம் ஒரே மகளை ஜொகூர் பாருவுக்குக் கட்டிக்கொடுத்த வாரத்தில், கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டே என்னிடம் சொன்னார்: “நீங்க என்னிக்காவது வீட்ட விக்கிறதா இருந்தா எங்கிட்டதான் மொதல்ல சொல்லணும், அண்ணே. புள்ள திரும்பி வந்தா பக்கத்துலயே வச்சுக்குவேன்.”

“ஒனக்குச் சொல்லாம யாருக்கும்மா சொல்லப்போறேன்?” என்றேன். வாய்ச்சொல்தான். சாட்சிக்கு ஒரு கொடிக்கயிறு இருந்தது.

மகளின் பேறுகாலத்துக்காக அவர் ஜொகூருக்குப் போயிருந்த இரண்டு மாதங்களில்தான் நாங்கள் விற்கத் துணிந்தோம். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். என் மனைவி தடுத்தார். காரியம் முடியுமுன் வெளியே சொன்னால் கண் பட்டுக் கெட்டுவிடும் என்பது எங்கள் குடும்பத்தின் எழுதாச் சட்டம். கார் வாங்கியதும், மகனுக்குப் பெண் பார்த்ததும், எனக்குக் குடலிறக்க அறுவை நடந்ததும் எல்லாம் முடிந்த பின்னரே அக்கம்பக்கத்துக்குத் தெரியும். அவர் ஊர் திரும்பியதும் நேரில் சொல்வதே மரியாதை என்று நானும் எனக்கு வசதியான ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்தேன். ஆக, விற்பனைச் செய்தியை இணையத்தின் வழியே நாடு முழுவதற்கும் அறிவிப்பது, முதலில் சொல்வதாக வாக்களித்தவரிடம் மட்டும் மறைப்பது என்று முடிவாயிற்று.

முகவர் நாற்பது வயது மதிக்கத்தக்க தமிழ்ப் பெண். பதிவு எண் பொறித்த அட்டை கழுத்தில் தொங்க, ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்தார். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலால் அரை மணி நேரம் தாமதம். நான்கு பக்க நியமனக் கடிதத்தை மேசையில் விரித்து, ஒவ்வொரு கூறாக விளக்கத் தொடங்கினார். அப்போது மணி பத்தே கால். பத்தரைக்கு இராகு காலம் என்று நாட்காட்டி சொன்னது. என் மனைவி நாட்காட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அங்கிள், ஏழாவதும் பத்தாவதும் முக்கியம். அத மட்டுமாவது வாசிச்சுக் காட்டிடறேன்,” என்றார் முகவர்.

“அதெல்லாம் அப்புறம் படிச்சுக்கலாம்மா. எங்க போடணும்னு மட்டும் காட்டு,” என்றார் என் மனைவி.

முகவர் என்னைப் பார்த்தார். வினாவை முழுதும் படித்த பின்னரே விடை எழுத வேண்டும் என்று முப்பது ஆண்டுகள் பள்ளியில் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். பத்து இருபத்தாறுக்குக் கையெழுத்திட்டேன். கதிரவன் காலை ஆறு மணிக்கு எழுவதாகக் கொண்டு வகுத்த பட்டியலையே நம் நாட்காட்டிகளில் அச்சிடுகிறார்கள் என்றும், கிள்ளானில் அது ஏழு மணிக்கு மேல்தான் எழுகிறது என்றும் பின்னொரு நாள் கோயிலில் ஒருவர் கணக்கிட்டுக் காட்டினார். அவர் கணக்குப்படி, அன்று மெய்யான இராகு காலம் தொடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்திருக்கிறது. நான்கு பக்கம் படிக்க அது தாராளம்.

மதிய உணவுக்குப் பின் படித்தேன். ஏழாவது கூறு எளிது. மூன்று மாதத்துக்கு அவர் ஒருவரே என் முகவர். அதற்குள் வீட்டை யார் வாங்கினாலும், எவர் வழியாக வாங்கினாலும், நானே ஆள் பிடித்து வந்தாலும், விலையில் அவருக்குரிய விழுக்காடு அவருக்கு. விசாரித்து வருவோரை நான் அவரிடமே திருப்பிவிட வேண்டும். பத்தாவது கூறு, அந்த மூன்று மாதம் கழிந்த பிறகு விழித்தெழுவது. காலவரைக்குள் அவரால் அறிமுகமானவர் எவரேனும் அடுத்த மூன்று மாதத்தில் வாங்கினால் அதற்கும் கட்டணம் உண்டு. அறிமுகம் என்பதற்கும் அங்கேயே விளக்கம் இருந்தது: முகவரின் விளம்பரம், பலகை, துண்டறிக்கை, தொலைபேசி ஆகிய ஏதேனும் ஒன்றால், வீடு விற்பனைக்கு உள்ளதை ஒருவர் அறிதல். ஒரு சொல் மிகையில்லை. தப்பிக்க ஓர் ஊசித்துளை இல்லை. அவ்வளவு செறிவான உரைநடையை அண்மையில் நான் படித்ததில்லை. நூலாக இருந்தால் பரிந்துரைத்திருப்பேன்.

முகவர் கடுமையாக உழைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் எடுத்த படங்களில் எங்கள் கூடம் திருமண மண்டபம்போல் அகன்று தெரிந்தது. வாசல் கம்பியில் பலகை ஏறியது. எங்கள் தெருவின் எல்லா அஞ்சல் பெட்டிகளிலும் வண்ணத் துண்டறிக்கை விழுந்தது. மூன்றாம் வாரம், ஷா ஆலமிலிருந்து ஒருவர் வந்து பார்த்து, நாங்கள் கேட்டதைவிடச் சற்றே குறைந்த விலைக்கு எழுத்துமூலம் இசைவு தெரிவித்தார். நான் பதில் கையெழுத்திட ஏழு நாள் அவகாசம்.

அந்த ஏழு நாளில் இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண்மணி ஊரிலிருந்து திரும்பினார். பலகையைப் பார்த்தார். மின்கட்டண அறிக்கைகளுக்கு நடுவே துண்டறிக்கையையும் கண்டெடுத்தார். எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தம் வீட்டு முகப்பில் நின்றபடியே துண்டறிக்கையிலிருந்த எண்ணுக்கு அழைத்து, வீட்டின் விலை என்ன, அறைகள் எத்தனை என்று விசாரித்திருக்கிறார். இது எனக்குத் தெரியவந்தது மறுநாள், முகவர் கைப்பேசிக்கு அனுப்பிய வாராந்தரப் பட்டியலால். அவரால் அறிமுகமானோர் நால்வர். நான்காவதாகப் பக்கத்து வீட்டுப் பெண்மணியின் பெயரும், அதற்கெதிரே எங்கள் வீட்டு எண்ணைவிட இரண்டு கூடிய முகவரியும் இருந்தன.

உடனே போனேன். அவர் முகப்பைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“வாங்க சார்,” என்றார். குழாயை மூடவில்லை. “ஒங்க வீட்டுல நாலு ரூமாம். போன்ல சொன்னாங்க. எனக்கு மூணுன்னுல்ல நெனப்பு.”

“படிக்கட்டுக்குக் கீழ இருக்கிற ஸ்டோரையும் சேர்த்துட்டாங்கம்மா,” என்றேன். சொல்ல வந்தது அதுவன்று.

சொல்ல வந்ததைப் பிறகு சொன்னேன். கண்ணேறு, மரியாதை, தொலைபேசி என்று நான் அடுக்கிய காரணங்கள் ஒவ்வொன்றும் நீரோடு சேர்ந்து சாக்கடைக்குப் போயின. அவர் மருமகனுக்கு, இங்கிருந்து போய்வரக்கூடிய டெங்கிலில் வேலை கிடைத்துவிட்டதாம். மகள் கைக்குழந்தையோடு அடுத்த மாதம் வருகிறாளாம். குடியிருக்க வீடு தேட வேண்டுமே என்று பேருந்திலேயே கவலைப்பட்டுக்கொண்டு வந்தாராம். இந்த வீடு உனக்குத்தான் என்று உறுதி சொல்லிவிட்டுத் திரும்பினேன். எந்த அதிகாரத்தில் சொன்னேன் என்பதை ஏழாவது கூறு அறியும்.

முகவரை அழைத்து, இவர் நீங்கள் கண்டுபிடித்த ஆள் இல்லை, இருபத்து மூன்று ஆண்டுகளாக எங்கள் வீட்டுக் கறிவேப்பிலையில் சமைப்பவர் என்று எடுத்துரைத்தேன். மூன்று மாதம் முடிந்த பிறகு எங்களுக்குள் விற்றுக்கொண்டால் யாருக்கு என்ன நட்டம் என்றும் சற்றே தந்திரமாகக் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“தெரிஞ்சவங்கதான் அங்கிள், நான் இல்லன்னு சொல்லல. ஆனா வீடு விக்கிறீங்கன்னு அவங்களுக்குச் சொன்னது யாரு? நீங்களா, நானா?”

நீதிமன்றத்தில் என்றால் கால அவகாசம் கேட்டிருப்பேன். தொலைபேசியில் அதற்கு வழியில்லை. கட்டணம் போனால் போகட்டும் என்று ஒப்புக்கொண்டேன்.

விதிப்படி, வாங்குபவருக்கு வீட்டைக் காட்டுவது முகவரின் கடமை. சனிக்கிழமை காலை அதுவும் நடந்தது. எப்போதும் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிற பெண்மணி, அன்று வாசல் மணியை அழுத்திவிட்டுக் காத்திருந்தார், கைப்பையும் கொண்டுவந்திருந்தார். “இதுதான் ஹால், ஆன்டி,” என்று தொடங்கினார் முகவர். நாங்கள் இருவரும் விற்பவர்களுக்குரிய புன்னகையோடு நாற்காலியில் அமர்ந்திருந்தோம்.

கூடத்தைத் தாண்டிய பிறகு காட்டுபவர் மாறிவிட்டார். படிக்கட்டு அறையின் கதவுச் சட்டத்தை விரல்கணுவால் தட்டி, உள்ளே கறையான் இருப்பதைப் பக்கத்து வீட்டுப் பெண்மணியே முகவருக்குக் காட்டினார். மாடிக் குளியலறையில் எந்தக் குழாய் சொட்டும், எந்தச் சன்னல் சாத்தினால் திறக்காது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அத்தனையும் ஆண்டுக்கணக்கில் நானே அவரிடம் புலம்பியவை. சமையலறையில் நின்று கூரையைச் சுட்டினார்.

“மழ பேஞ்சா இங்க ஒழுகும். கீழ பான வைப்பாங்க. அந்தப் பானையே எங்க வீட்டுதுலா.”

முகவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். என் மனைவி என் பக்கம் திரும்பாமலே, கூரையைச் சரிசெய்யச் சொல்லிப் பத்து ஆண்டுகளாகிறது என்று தாழ்ந்த குரலில் நினைவூட்டினார்.

மறுநாள் பிற்பகல் எல்லாரும் எங்கள் உணவு மேசையைச் சுற்றி அமர்ந்தோம். பெண்மணி எழுத்தில் கொடுத்த விலை, ஷா ஆலம்காரர் தந்ததைவிட வெகுவாகக் குறைவு. ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு தொகை கழிக்கப்பட்டு, கழித்த காரணமும் முகவரின் அழகிய கையெழுத்தில் எதிரே எழுதப்பட்டிருந்தது. வந்த விலை எதுவாயினும் அதை மறைக்காமல் உரிமையாளர்முன் வைப்பதும் ஒப்பந்தத்தின் ஒரு கூறு. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தார்.

“ஷா ஆலம் பார்ட்டியோடதுதான் கூட, அங்கிள். எனக்கும் அதுலதான் கமிஷன் கூட. எதுல கையெழுத்துப் போடணும்னு நான் சொல்லக்கூடாது. நாளையோட அவங்க டைம் முடியுது.”

என் மனைவி தேநீரைச் சுற்றிக் கொடுத்தார். பெண்மணி தம் கோப்பையைத் தொடவில்லை. ஷா ஆலம்காரரின் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்மணியின் வங்கிக் கடனுக்கு, தாம் எழுதிய விலைக்குமேல் ஏறும் வலு இல்லை என்பதை முகவர் என்னிடம் முன்பே தனியே சொல்லியிருந்தார்.

“இவ்வளவு கொறைக்கணுமாம்மா?” என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் கெஞ்சலும் இருந்திருக்கலாம்.

பெண்மணி நிமிர்ந்தார்.

“நீங்க வாயத் தெறந்து ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருந்தா, ஒங்க வீடு ஒழுகுதுன்னு ஒரு அந்நியப் பொம்பளகிட்ட நான் வாயத் தெறந்திருப்பேனா?”

முகவர் தம் கோப்பையைப் பார்த்துக்கொண்டார். நான் ஷா ஆலம்காரரின் தாளை மடித்து முகவரிடமே திருப்பிக் கொடுத்தேன். மற்றதில், நான் கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைத்திருந்தார். அதன்மேல் போட்டேன். பெண்மணி தாளைத் தம் பக்கம் இழுத்து, எனக்குக் கீழே தம் பெயரை எழுதினார். பிறகு, மருமகன் அளந்து பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறான், சமையலறைச் சன்னலின் அகலம் என்ன என்று முகவரைக் கேட்டார்.