தாழிக்குள் கேட்ட கீழ்க்குரல்

அன்று காலை எலிஸ்பார் அவித்த முட்டையை நின்றுகொண்டே தின்றுவிட்டு, உரித்த ஓட்டை என் தேநீர்க் கோப்பைக்குள் போட்டார். இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லியும் திருந்தாத பழக்கம்.

"கோப்பை என்ன குப்பைத்தொட்டியா?"

"நீ குடிச்சு முடிச்சுட்டேன்னு நெனச்சேன்."

"பாதி இருக்கு, பாருங்க."

"எலும்புக்கு நல்லது. குடி."

எங்களுக்குள் நடந்த கடைசிச் சண்டை அதுதான். அக்டோபர் பதினாலு, ஞாயிற்றுக்கிழமை, காலை 9.35.

நான் தெலாவி என்ற ஊரில் ஒரு பள்ளி நூலகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். கற்பனையை ஓர் அடுக்கிலும் நடந்ததை வேறோர் அடுக்கிலும் வைப்பதுதான் என் பிழைப்பு. இதை எந்த அடுக்கில் வைப்பது என்று மூன்று வருஷம் யோசித்தேன். நடந்தது என்கிற அடுக்கில்தான் வைக்கிறேன். என் கண் எதிரே நடந்தது.

என் கணவர் எலிஸ்பார் தாழி கழுவுகிறவர். எங்கள் பக்கத்தில் ஒயின் மண்ணுக்குள் இருக்கும். ஆள் உயரத்தைவிட ஆழமான தாழியைக் கழுத்து வரை புதைத்து, திராட்சைச் சாற்றை அதில்தான் நொதிக்க விடுவோம். காலியான தாழிக்குள் மெலிந்த ஆள் ஒருவர் இறங்கி, செர்ரி மரப்பட்டையில் கட்டிய தூரிகையால் சுவரைத் தேய்க்க வேண்டும். ஆபத்தான வேலை. பக்கத்துத் தாழியில் சாறு பொங்கிக்கொண்டிருந்தால், அதிலிருந்து வரும் நச்சுக் காற்று தரையோடு வழிந்து காலித் தாழிக்குள் இறங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. அதற்குள் இறங்கியவர் அப்படியே உட்கார்ந்துவிடுவார், எழ மாட்டார்.

அதனால் எலிஸ்பாருக்கு மூன்று காவல் உண்டு. இறங்குமுன் தன் மெழுகுவத்தியை ஏற்றி உள்ளே விட்டுப் பார்ப்பார். அணைந்தால் இறங்க மாட்டார். இரண்டாவது, அக்குளைச் சுற்றிக் கட்டிய கயிறு. பள்ளி விடுமுறை நாட்களில் அதன் மறுமுனை என் கையில் இருக்கும். மூன்றாவது, பாட்டு. உள்ளே இருக்கும்வரை பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு நின்றால் நான் கயிற்றை இழுக்க வேண்டும்.

கர்தனி என்ற சின்னக் கிராமத்திலிருந்து பெசாரியோன் என்பவர் வியாழக்கிழமை போன் செய்திருந்தார். ஒரே ஒரு தாழியாம். போனை வைத்துவிட்டு எலிஸ்பார் ஒரு மாதிரி சிரித்தார்.

"என்ன?"

"ஆளு என் பேரைக் கேக்கல. எந்தக் குரல்ல பாடுவீங்கன்னு கேட்டாரு."

எங்கள் ஊர்ப் பாட்டுக்கு மூன்று குரல் வேண்டும். மேல், நடு, கீழ். எலிஸ்பார் மேல்குரல். நான் நடுக்குரல். கீழ்க்குரலுக்கு ஆள் இல்லாததால் எங்கள் வீட்டுப் பாட்டு கால் ஒடிந்த மேஜை மாதிரிதான் நிற்கும்.

"மேல்குரல், வீட்ல நீ நடுக்குரல்னு சொன்னேன். அப்ப கண்டிப்பா வாங்க, சம்சாரத்தையும் கூட்டிட்டு வாங்க, விருந்து இருக்குன்னாரு."

"தாழியெல்லாம் செப்டம்பர்லயே கழுவிடுவாங்களே. அறுவடை நடுவுல எதுக்கு?"

"சோறு போடுறேங்கிறவன்கிட்ட காலண்டரக் காட்டச் சொல்றியா?"

கர்தனியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி 1.20. அறுவடைக் காலத்தில் எங்கள் ஊர்களில் டிராக்டர் சத்தமும் கூச்சலும் காதைப் பிளக்கும். இங்கே ஒன்றுமில்லை. நிறுத்தத்தில் ஒரு பெண் வால்நட் மூட்டையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"பெசாரியோன் வீடு எதும்மா?"

அவள் எலிஸ்பாரின் தூரிகையைப் பார்த்தாள்.

"பாடுறவரா?"

"கழுவுறவரு."

"அந்த வீட்ல ரெண்டும் ஒண்ணுதான்." வழியைக் காட்டிவிட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்துவிட்டாள். அவள் பஸ்ஸுக்குத்தானே நின்றாள்?

பெசாரியோனும் அவர் மனைவி லமாராவும் வாசலிலேயே நின்றார்கள். இருவருக்கும் அறுபதைத் தாண்டியிருக்கும். லமாரா என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு எலிஸ்பாரைப் பார்த்தாள். முகத்தை அல்ல. தொண்டையை.

"வாங்க தம்பி. சளி ஒண்ணும் பிடிக்கலையே? குரல் நல்லாருக்கா?"

"குரல் இருக்குக்கா. வயிறுதான் காலியா இருக்கு."

விருந்து தடபுடலாக இருந்தது. அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டி, உப்புப் பாலாடைக்கட்டி, வால்நட் அரைத்து வைத்துச் சுருட்டிய கத்தரிக்காய், திராட்சைக் கொடிச் சுள்ளியில் சுட்ட பன்றிக்கறி. ஆனால் மேஜை போட்டிருந்த இடம் முற்றத்து மரநிழல் இல்லை. தாழிகள் புதைத்த கூடத்துக்குள்ளே. நாற்காலிகள் நான்கும் மேஜையின் ஒரே பக்கத்தில். எல்லாம் அந்தக் காலித் தாழியின் வாயைப் பார்த்தபடி... நாடகம் பார்க்க உட்கார வைப்பதுபோல.

இன்னொன்று. பக்கத்தில் ஐந்து தாழிகள் பொங்கிக்கொண்டிருந்தன. களுக்... களுக்... சாறு பொங்கும் இடத்தில் குளவி மொய்க்கும், விரட்டி மாளாது. அங்கே ஒரு குளவிகூட இல்லை.

2.05. பெசாரியோன் எழுந்து முதல் வாழ்த்தைச் சொன்னார். விருந்தாளிகளுக்காக. எலிஸ்பார் தன் கிண்ணத்தை நீட்டினார். பெசாரியோன் முட்டவில்லை. தூக்கிக் குடித்துவிட்டு வைத்தார். லமாராவும் அப்படியே.

எங்கள் வழக்கத்தில் கிண்ணத்தை முட்டாமல் குடிப்பது இழவு விருந்தில் மட்டும்தான்.

நான் எலிஸ்பாரின் முழங்காலை இடித்தேன். அவர் காதருகே குனிந்தார். "கிண்ணம் புதுசு போல. ஒடஞ்சிடும்னு பயப்படுறாங்க."

3.00. எலிஸ்பார் எழுந்து பையிலிருந்து தன் மெழுகுவத்தியை எடுத்தார். பெசாரியோன் அவர் கையைப் பிடித்தார்.

"என்ன தம்பி இது? என் வீட்டுத் தாழிக்கு விருந்தாளி மெழுகுவத்தியா? ஊர் சிரிக்கும்."

"தொழில் வழக்கம்ணே. கோச்சுக்காதீங்க."

"வழக்கம் எனக்கும் தெரியும். நானே விட்டுக் காட்டுறேன், பாருங்க."

வீட்டுக்காரர் சோதித்துக் காட்டியபின் விருந்தாளி மறுபடி சோதித்தால், அவரைப் பொய்யர் என்று சொன்னதற்குச் சமம். எங்களில் யாரும் அதைச் செய்ய மாட்டோம். எலிஸ்பார் தன் மெழுகுவத்தியைப் பைக்குள் வைத்தார்.

பெசாரியோனின் மெழுகுவத்தி கீழே இறங்கியது. நானும் எட்டிப் பார்த்தேன். அடிவரை போயும் அணையவில்லை. ஆனால் தாழிக்குள் இறங்கும் தீ எப்போதும் கொஞ்சம் ஆடும். இது ஆடவில்லை. துணியில் வரைந்த தீபோல நின்றது.

கயிற்றை மேலே உத்தரத்துக் கப்பியில் மாட்டி, மறுமுனையை நான் எடுத்தேன். லமாரா அதை என் கையிலிருந்து வாங்கித் தூணில் கட்டினாள்.

"விருந்துக்கு வந்த பொண்ணு கையில கயிறா? உக்காரு கண்ணு. பாட்டுதான் கேக்குதே. நின்னா இழுத்துக்கலாம்."

எலிஸ்பார் என்னைப் பார்த்தார். நான் உட்கார்ந்தேன். நான்தான் உட்கார்ந்தேன்.

"பன்றிக்கறியை மிச்சம் வை," என்று சொல்லிவிட்டு, தண்ணீர் வாளியோடும் தூரிகையோடும் இறங்கினார். 3.10.

பாட்டு தொடங்கியது. அறுவடைப் பாட்டு. தெளிவான மேல்குரல். சர்... சர்... என்று தூரிகைச் சத்தம். எனக்கு மூச்சு வந்தது. ரொட்டியைப் பிய்த்தேன்.

3.16. பாட்டுக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. ம்ம்ம்ம்... என்று நீண்டு, தரையைத் தொட்டு வருவதுபோல. எதிரொலி என்று நினைத்தேன். தாழியில் எதிரொலிக்கும்.

எதிரொலி அதே சுருதியில் வரும். இது கீழே இருந்தது. கீழ்க்குரல்.

பெசாரியோன் தலையைக் குனிந்துகொண்டார். லமாராவின் கன்னங்கள் நனைந்திருந்தன. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கா கூடப் பாடுறது?"

"சாப்பிடு கண்ணு."

"உள்ள வேற யாராவது..."

"நல்லாருக்குல்ல? மேல்குரல் சேந்ததும் எவ்வளவு நல்லாருக்கு."

3.30. 3.35. பாட்டு நிற்கவில்லை. நிற்காதவரை எனக்கு எழ உரிமையில்லை என்பதுபோல உட்கார்ந்திருந்தேன். கையில் ரொட்டி காய்ந்துகொண்டிருந்தது.

3.41. எனக்கு ஒன்று உறைத்தது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எலிஸ்பார் "வாளி!" என்று கத்துவார். அழுக்குத் தண்ணீரை மேலே இழுத்து, புதுத் தண்ணீர் விட வேண்டும். அரைமணி நேரமாகிவிட்டது.

ஒருமுறைகூடக் கத்தவில்லை.

"எலிஸ்பார்! வாளி வேணுமா?"

பதில் இல்லை. பாட்டு மட்டும்.

எழுந்தேன். லமாரா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "இந்த அடி முடியட்டும்மா. கெஞ்சிக் கேக்குறேன்."

3.47. அப்போதுதான் கவனித்தேன்... மூன்றாம் அடியின் முடிவில் எலிஸ்பார் மூச்சு வாங்குவார். எப்போதும். எங்கள் சமையலறையில் நான் அந்த மூச்சுக்காகக் காத்திருந்துதான் என் அடியைத் தொடங்குவேன்.

இந்தக் குரல் மூச்சு வாங்கவில்லை.

மூன்றாம் அடி. நான்காம் அடி. மறுபடி முதல் அடி...

இடைவெளியே இல்லை.

கையை உதறினேன். தூணுக்கு ஓடினேன். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் அவிழ்த்தேன்.

இழுத்தேன்.

கனத்தது.

பாட்டு நிற்கவில்லை.

இழுத்தேன். கப்பி கிறீச்... கிறீச்... என்றது. யாரோ பின்னால் வந்து கயிற்றைப் பிடித்தார்கள். பெசாரியோன். அவரும் இழுத்தார்.

தலை தெரிந்தது. தோள் தெரிந்தது. தரையில் கிடத்தி, தலையை என் மடியில் எடுத்துக்கொண்டேன்.

வாய் மூடியிருந்தது.

உதடு நீலம்.

கீழே, தாழிக்குள், என் எலிஸ்பாரின் மேல்குரல் பாடிக்கொண்டிருந்தது.

கூடவே கீழ்க்குரலும்.

அடி முடிந்தது. 3.52. அப்புறம் நின்றது.

மீட்புப் படையினர் 4.40க்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஒரு மெழுகுவத்தியை ஏற்றித் தாழிக்குள் இறக்கினார். முழங்கை ஆழம்கூடப் போகவில்லை. அணைந்தது. இன்னொன்றை ஏற்றினார். அதுவும் அணைந்தது.

"ரெண்டு மூச்சு விட்டிருப்பாரு. அவ்வளவுதான்மா," என்றார் கூட வந்த மருத்துவர்.

"நாப்பது நிமிஷம் பாடினாரு."

அவர் என் தோளைத் தட்டினார். துக்கத்தில் பேசுகிறேன் என்று நினைத்திருப்பார்.

தாழிக்குள்ளிருந்து வாளியையும் தூரிகையையும் எடுத்து என்னிடம் கொடுத்தார்கள். வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. தெளிந்த தண்ணீர். தூரிகையை விரலால் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. ஒருமுறைகூட நனையவில்லை.

அப்படியென்றால் சர்... சர்... என்று நான் கேட்டது என்ன?

வால்நட் மூட்டையோடு நின்ற பெண் அடக்கத்துக்கு வந்திருந்தாள். அவள்தான் சொன்னாள். பெசாரியோனுக்கு ஒரே மகன், குராம். ஒன்பது வருஷத்துக்கு முன் அதே தாழிக்குள் இறங்கிச் செத்துப்போனான். அவன் கீழ்க்குரல் பாடுகிறவன். ஒரு மாதம் கழித்து அந்தத் தாழியிலிருந்து குரல் கேட்கிறது என்றார்கள். யாராவது உள்ளே இறங்கிப் பாடினால் மட்டும். அதற்காகத்தான் கழுவுகிறவர்களைக் கூப்பிட்டு விருந்து வைக்கிறார்கள்.

"எங்க வீட்டுக்காரருக்கு முன்னாடி கழுவ வந்தவங்க யாரும் சாகலையா?"

"மூணு பேர் வந்தாங்க. மூணு பேரும் பத்திரமா வந்துட்டாங்க. அவங்கள்ல யாரும் மேல்குரல் இல்ல."

நாற்பதாம் நாள் சடங்கு முடிந்து எல்லாரும் போனபின், மாலை 5.15க்குக் கதவு தட்டப்பட்டது. லமாரா. கையில் ஒயின் குடுவை. உள்ளே வரவில்லை.

"சத்தியமா தெரியாதும்மா. நெருப்பு அணையல, நீயும்தான் பாத்த. அவர் சாவாருன்னு தெரிஞ்சிருந்தா..."

நான் கதவைப் பாதி சாத்தினேன்.

"இப்பல்லாம் யாரும் உள்ள இறங்க வேண்டியதில்ல. தானாவே பாடுறாங்க. தினமும் 3.10க்கு. ரெண்டு பேரும்." அவள் குரல் தாழ்ந்தது. "நடுவுலதான் காலியா இருக்கு. வீட்ல நீதான் நடுக்குரல்னு தம்பி சொன்னாரே. ஒரு தடவ வா கண்ணு. மேல நின்னு பாடினாப் போதும். அவர் குரலைக் கேக்க வேணாமா உனக்கு?"

கதவைச் சாத்தினேன். குடுவையை வாசலிலேயே விட்டுப் போயிருந்தாள். மண்ணில் கொட்டினேன்.

மூன்று வருஷமாகிறது. நான் கர்தனிக்குப் போகவில்லை. பாடுவதும் இல்லை. 3.10க்கு அடுப்படியில் நின்றால் தொண்டைக்குள் நடுக்குரல் தானாக ஏறி வரும். உதட்டைக் கடித்துக்கொள்வேன். 3.52 வரை.

அவருடைய வேலைப் பையைக் கதவுக்குப் பின்னால் அதே ஆணியில் மாட்டியிருக்கிறேன். அன்று அவர் பெசாரியோனுக்காகத் திருப்பி உள்ளே வைத்த மெழுகுவத்தி அதில் இருக்கிறது. சில சமயம் எடுத்துப் பார்ப்பேன்.

திரி இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.