பின்கதவை மட்டும் கேட்டார்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேய், பிசாசு, காத்து, கருப்பு எதையும் நம்புகிற ஆள் நான் இல்லை. முச்சந்தியில் யாரோ சுற்றிப் போட்டிருந்த எலுமிச்சம் பழத்தை எடுத்து, சட்டையில் துடைத்து, நாலு பேர் பார்க்க ஜூஸ் பிழிந்து குடித்தவன். அன்றைக்கு என் மனைவி சாந்தி நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. எனக்கோ வயிறுகூட வலிக்கவில்லை. அப்படிப்பட்டவன் சொல்கிறேன் என்பதற்காகவாவது கடைசிவரை கேளுங்கள். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் சிரித்திருப்பேன்.

எங்களுக்கு மாரண்டஹள்ளிப் பக்கம். தோட்டங்களில் பறித்த தக்காளியைப் பெட்டியோடு ஏற்றிக்கொண்டு போய் மண்டியில் இறக்குவது என் தொழில். பல வருடம் அடுத்தவன் வண்டியைக் கூலிக்கு ஓட்டிச் சலித்துப்போய், சொந்தமாக ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். பாப்பாரப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய லோடு வண்டி விலைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். அது ஆடி மாதம். ஆடியில் எவனும் வண்டி வாங்க மாட்டான், விலை படியும், அதுதான் என் மூளை போட்ட திட்டம்.

விற்றவர் பெயர் மாதையன். என் வயதுதான் இருக்கும். வண்டியைக் காட்டும்போது வண்டியைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொன்ன விலைக்கு மறுபேச்சு பேசாமல் தலையாட்டினார். அப்போதே யோசித்திருக்க வேண்டாமா? எங்கே யோசித்தேன்! சாவியைக் கையில் வாங்கும் நேரத்தில் ஒன்று கேட்டார்.

"பேக் டோரை ஒண்டி நான் கழட்டிக்கறேங்க. புதுசா வேற வாங்கி நானே மாட்டித் தர்றேன். நீங்க எதுவும் தர வேணாம்."

பேக் டோர் என்றால் சரக்கு இறக்கும்போது கீழே சாய்த்துவிடுவோமே, அந்தப் பின்கதவு. இதற்கு முன்னால் ஒரு பைக் வாங்கி ஏமாந்தவன் நான். பார்க்கும்போது ஒரு பேட்டரி, கொண்டுவரும்போது வேறு பேட்டரி. அதனால் எனக்கு உடனே சந்தேகம். பழைய இரும்பு கனமாக இருக்கும், இவன் அதைக் கழற்றிக்கொண்டு மெல்லிய தகரத்தை மாட்டி என் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நினைத்தேன்.

"பாத்த வண்டி பாத்தபடி வரணுங்க. ஒரு போல்ட் மாறுனாலும் எனக்கு வேணாம்" என்றேன்.

மாதையன் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார். அவர் மனைவி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். "சரிங்க, அப்படியே எடுத்துட்டுப் போங்க. ரிவர்ஸ் எடுக்கறப்ப ஒண்டி இறங்கிப் பாத்துட்டு எடுங்க" என்றார் மாதையன். எனக்கே வண்டி ஓட்டக் கற்றுத் தருகிறானே என்று எரிச்சலாக இருந்தது. பெரிய கெட்டிக்காரன் மாதிரி ஆரன் அடித்துக்கொண்டு கிளம்பி வந்தேன்.

வாங்கியது வண்டியா அது? ஒரு வாரத்திலேயே சாயம் வெளுத்துவிட்டது. ஆயிலைத் தண்ணீராகக் குடித்தது. மேட்டில் ஏறும்போது வந்த புகையில் பின்னால் வருகிறவன் என் குலத்தையே திட்டினான். எந்த இடத்தில் எஞ்சின் நிற்கும் என்று எந்த சாமிக்கும் தெரியாது. பாலக்கோடு ரோட்டில் லோடோடு நின்று, மண்டிக்குப் போவதற்குள் தக்காளி ரசமாகிப் போன நாளும் உண்டு. "ஆடியில எருமை வாங்குனாக்கூட பால் கறந்திருக்கும்" என்று சாந்தி குத்திக்கொண்டே இருந்தாள். அவள் சொன்னது நியாயம்தான்.

இது எல்லாம் பழைய வண்டி வாங்குகிற எல்லோருக்கும் நடப்பதுதான். நான் சொல்ல வந்தது வேறு.

எங்கள் தொழிலில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒரு ஆள் பின்னால் நின்று கதவைத் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் வரலாம். ஒரு தட்டு என்றால் நிறுத்து. பக்கக் கண்ணாடியில் வண்டிக்கு நேர் பின்னால் இருப்பது தெரியாது, அதனால் தட்டுகிறவன் கைதான் எங்களுக்குக் கண். தட்டுச் சத்தம் கேட்டால் யோசிக்கவே மாட்டோம், கால் தானாக கிளட்சை விடும்.

ஒருநாள் மண்டியில் ரிவர்ஸ் எடுத்தேன். பின்னால் டங் டங் என்று இரண்டு தட்டு. வந்தேன். மறுபடி இரண்டு. இன்னும் வந்தேன். படார் என்று ஒருவருடைய பெட்டி அடுக்கை மொத்தமாகச் சாய்த்துவிட்டேன். இறங்கி லோடுமேன்களைக் கிழி கிழி என்று கிழித்தேன். "யோவ், நாங்க எல்லாம் இங்க டீ குடிச்சிட்டு இருக்கோம், எவன்யா தட்டுனான்?" என்று அவர்கள் என்னையே கேட்டார்கள். நிஜமாகவே எல்லோர் கையிலும் டீ கிளாஸ் இருந்தது.

அதற்கப்புறம் இப்படி நாலைந்து முறை. தோட்டத்தில், பெட்ரோல் பங்கில், ஆளே இல்லாத ஏரிக்கரையில். எப்போதும் ரிவர்ஸ் கியரில்தான், எப்போதும் இரண்டு தட்டுதான். 'நிறுத்து' என்று ஒரு தட்டு ஒருநாளும் கேட்டதில்லை. கொக்கி லூசாக இருக்கும் என்று மெக்கானிக் சாதிக் பாயிடம் கொண்டுபோனேன். அவர் கதவைக் கழற்றி, ஆட்டிப் பார்த்து, மறுபடி மாட்டினார்.

"ஒரு லூசும் இல்ல. ஆனா இங்க பாருங்க, இந்த எடத்துல நல்லா ஒடுங்கி இருந்திருக்கு. தட்டி நிமித்தி பெயிண்ட் அடிச்சிருக்காங்க" என்று காட்டினார். அந்த இடம் என் இடுப்புக்கும் கீழே இருந்தது. சுவரில் இடித்திருப்பார்கள் என்று நான்தான் சொன்னேன். பாய் கையைத் துடைத்துக்கொண்டார்.

ஐப்பசியில் ஒருநாள், சாயங்காலம் நாலு மணிகூட ஆகவில்லை, மழை இருட்டிக்கொண்டு வந்தது. வண்டியில் லோடு இருந்தது. வீட்டுப் பக்கத்துத் தகர ஷெட்டுக்குள் வண்டியைப் பின்னால் விட்டால்தான் தக்காளி நனையாது. "நான் பின்னாடி நின்னு பாக்கறேன், நீங்க எடுங்க" என்றாள் சாந்தி. எங்கள் பெண் யாழினிக்கு அப்போது ஐந்து வயது. வீட்டுக்குள் படம் வரைந்துகொண்டிருந்தவளைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினேன். இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன்.

ரிவர்ஸ் போட்டேன். இரண்டு தட்டு. சாந்தி நிற்கிறாளே என்று நம்பி வந்தேன். மறுபடி இரண்டு தட்டு, கொஞ்சம் அவசரமாக. இன்னும் வந்தேன். அப்போது எஞ்சின் சட்டென்று அணைந்துவிட்டது. வழக்கம்போல வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டு சாவியைத் திருகப் போனேன். எஞ்சின் சத்தம் இல்லாததால்தான் பின்னாலிருந்து அந்தக் குரல் என் காதில் விழுந்தது.

"போதும்க்கா. இடிக்குது."

யாழினியின் குரல். எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. ஷெட்டின் கல் தூணுக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் என் பெண் நின்றிருந்தாள். முதுகு தூணில், நெஞ்சு கதவில். இன்னும் நாலு விரல் வந்திருந்தால் அவ்வளவுதான். நான் போட்ட கத்தலில் சாந்தி வீட்டுக்குப் பின்பக்கமிருந்து ஓடி வந்தாள். தார்ப்பாய் காற்றில் பறந்துவிட்டது என்று அதைப் பிடிக்கப் போயிருந்தாளாம். அவள் தட்டவே இல்லை.

வண்டியை ஸ்டார்ட் பண்ண பயம். நியூட்ரலில் போட்டுவிட்டு, இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் தள்ளினோம். அப்போது, நம்பினால் நம்புங்கள், எங்கள் இருவரின் கையும் வண்டியின் பக்கவாட்டில் இருக்க, யாழினியின் கை இரண்டும் அவள் கன்னத்தில் இருக்க, அந்தக் கதவு டங் டங் என்று இரண்டு முறை அதிர்ந்தது. சாந்தியும் பார்த்தாள். அந்த நிமிடம் எங்கிருந்து வந்தது அந்த பலம் என்று தெரியவில்லை, லோடு வண்டி விளையாட்டுச் சாமான் மாதிரி நகர்ந்தது.

பெண்ணை மடியில் போட்டுக்கொண்டு, "ஏன் பாப்பா அங்க போய் நின்ன?" என்று கேட்டேன்.

"அக்காதான் கூப்புட்டுச்சு. ரெண்டு பேரும் சேந்து நிக்கலாம்னுச்சு."

"எந்த அக்கா?"

"வண்டியில வருமே, அந்த அக்காப்பா" என்றாள், எனக்குத் தெரிந்த ஆளைச் சொல்வதுபோல.

மறுநாள் விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு பாப்பாரப்பட்டிக்குப் போனேன். சாவியை அந்த மாதையன் மூஞ்சியில் விட்டெறிந்து, சட்டையைப் பிடித்து நாலு அறை விட வேண்டும் என்றுதான் போனேன். வழியெல்லாம் அதைத்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஆனால் வண்டிச் சத்தம் கேட்டு முதலில் வெளியே ஓடி வந்தது அவர் மனைவி. என்னைப் பார்க்கவில்லை. நேராகப் பின்னால் போய் அந்தக் கதவில் உள்ளங்கையை வைத்தார்.

"தட்டுதுங்களா?" என்று கேட்டார்.

நான் இன்னும் வாயே திறக்கவில்லை. என் கோபமெல்லாம் எங்கே போனதோ, "தட்டுதுங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர்கள் பெண்ணுக்கு ஏழு வயதாம். அப்பா வண்டியைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் அவள்தான் ஓடிப்போய்த் தட்டுவாளாம். மாதையன் மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எப்பவும் ரெண்டு தட்டு தட்டிட்டு ஓரமா ஓடிருவா. அன்னிக்கும் ரெண்டு தட்டு தட்டுனா, நானும் வந்தேன். அன்னிக்கு அவ ஓடல."

"அப்புறம் ஆறு மாசம் இவரு ஓட்டுனாருங்க. ஒருநாள்கூட எங்களுக்குத் தட்டல" என்றார் அந்தம்மா. "உங்களுக்காவது தட்டுதே."

அவர் முகத்தில் அப்போது இருந்தது சந்தோஷம். நீங்களே சொல்லுங்கள், அந்த முகத்தைப் பார்த்து, 'உங்க பொண்ணு எம் பொண்ணையும் கூட வரச் சொல்லிக் கூப்புட்டுதுங்க' என்று எப்படிச் சொல்வது? நான் சொல்லவில்லை. ஸ்பேனரை எடுத்தேன். நானும் மாதையனும் ஆளுக்கு ஒரு பக்கம் போல்ட்டைக் கழற்றி, கதவை இறக்கி அவர்கள் வாசலில் சாய்த்து வைத்தோம். வரும்போது வண்டி பின்னால் திறந்தே கிடந்தது. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு தட்டும் இல்லை. வண்டியை நான் விற்கவில்லை. அதை இன்னொருத்தன் தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை.

இது நடந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். போன வாரம் அந்தம்மா போன் பண்ணினார். இடையில் அவர்களுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, ஒன்பது மாதம்.

"தவழ்றானுங்க. எங்க வுட்டாலும் அந்த டோருகிட்டயே போயி முதுகு சாச்சி உக்காந்துக்கறான். தானா சிரிக்கறான். அக்காவத் தெரியுது போலங்க" என்று அவரும் சிரித்தார். அந்தக் கதவையே வாசலுக்கு கேட் மாதிரி மாட்டிவிட்டார்களாம். பிறகு விஷயத்துக்கு வந்தார். மாதையன் மறுபடி வண்டி ஓட்டலாம் என்று இருக்கிறாராம், ஒரு பழைய வண்டி பார்த்து வைத்திருக்கிறார்களாம், அனுபவப்பட்டவர் என்று என்னை வந்து பார்த்துச் சொல்லச் சொன்னார். வண்டியை நிறுத்தப் போவதும் அதே வாசலில்தான்.

'வர்றேங்க' என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். அவர்கள் பெண் யாழினியைக் கூப்பிட்டதை அப்போதும் சொல்லவில்லை. சாந்தி தினமும் கேட்கிறாள், இன்னும் சொல்லலையா, இன்னும் சொல்லலையா என்று. எண்ணைப் போடுகிறேன், மணி அடிக்கும் முன்பே வைத்துவிடுகிறேன். என் பெண்ணுக்காவது 'போதும்க்கா' என்று சொல்ல வாய் இருந்தது. அந்தப் பையனுக்கு இன்னும் பேச்சே வரவில்லை. வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்றைக்கு வண்டியை வாசலுக்கே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்களாம். இன்றைக்குப் புதன்.