ஈறுக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர்

எனக்கு ஈறு வீக்கம். பல் தேய்த்தாலே ரத்தம் வரும். அதனால் ஸ்டாஃப் ரூமில் சிரிப்பு வந்தால் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வேன். புனேக்கு டீச்சர் வேலைக்கு வந்த நாளிலிருந்து அதுதான் பழக்கம்.

எண்பதுகளில் என் தம்பி அமெரிக்காவிலிருந்து ஒரு மெஷின் கொண்டுவந்தான். பல் இடுக்கில் தண்ணீரைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும். நம் ஊர் கரன்ட்டை அது தாங்காது என்று சின்ன டிரான்ஸ்ஃபார்மரும் தந்தான். அதை ஒழுங்காக மாட்டினேன். ஆனால் ஃபாரின் சாமானை அரைகுறையாக உபயோகிப்பானேன் என்று முதல் நாளே முழு வேகத்தில் வைத்துவிட்டேன். வாஷ்பேசின் சிவந்துபோனது.

என் கணவர் எட்டிப் பார்த்தார். "மெஷினுக்குக் கரன்ட்டைக் குறைச்சுக் கொடுத்தே. உன் ஈறுக்குத் தண்ணியைக் குறைக்க வேண்டாமா?"

சுருக்கென்றது. பல் டாக்டரும் மெதுவாக ஆரம்பிக்கச் சொன்னார். பிறகு தினமும் காலையில் வெதுவெதுப்பான தண்ணீர், இருப்பதிலேயே குறைந்த வேகம், மேல்வரிசை மட்டும். அது பழகிய பிறகுதான் கீழ்வரிசை. வேகத்தைக் கூட்ட நான் அவசரப்படவே இல்லை. மெல்ல மெல்ல ரத்தம் நின்றது.

ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் யாரோ ஜோக் சொல்ல, தலைப்பைத் தேடாமல் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மராத்தி டீச்சர் ஸுமன் டப்பாவை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அகபாயி!" என்று மராத்தியில் வியந்தாள். "உனக்குக் கன்னத்தில் குழி விழுமா?"

"விழுமே" என்றேன். அவளுக்காக இன்னொரு தடவை சிரித்தும் காட்டினேன்.